இழந்தவர்களின் வழக்கறிஞர்

அரசாங்கத்தின் கையாலோ அதன் அலட்சியத்தாலோ ஒருவன் உயிரிழந்து, அவனுடைய உடல் வீட்டுக்கு வந்து, சடங்குகள் முடிந்து, துக்கம் கேட்க வந்தவர்களும் ஊர் திரும்பிய பிறகு, அந்த வீட்டில் எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கள் பிள்ளை எப்படிச் செத்தான்? தண்டனை, நஷ்ட ஈடு, மந்திரியின் அனுதாபச் செய்தி எல்லாம் அதற்கு அப்புறம் வருபவை. இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பம் முகம் பார்த்திராத உத்தியோகஸ்தர்கள்; விடை எழுதப்பட்ட காகிதங்கள் அவர்களுடைய அலமாரிகளில் இருக்கின்றன; அவற்றில் எதைக் காட்டலாம், எதைக் காட்ட வேண்டியதில்லை என்று யோசனை சொல்ல அவர்களுக்குப் பொதுப் பணத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள். குடும்பத்திடம் இருப்பதோ ஞாபகம் ஒன்றே. இந்த ஏற்றத்தாழ்வின் நடுவே நின்று நெடுங்காலம் தொழில் நடத்திய இங்கிலாந்தின் பாரிஸ்டர் மைக்கேல் மான்ஸ்பீல்டின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு, நம் நாட்டுக்கும் வேண்டிய ஒரு காரியத்தை வற்புறுத்த விரும்புகிறேன். அரசின்மேல் சந்தேகம் விழுகிற ஒவ்வொரு மரணத்திலும், அரசுத் தரப்பின் வக்கீலுக்குப் பணம் போகிற அதே கஜானாவிலிருந்து, இழந்த குடும்பம் தானே தேர்ந்துகொள்ளும் வக்கீலுக்கும் ஊதியம் தரப்பட வேண்டும் என்பதே அது.

மான்ஸ்பீல்டு தொழில் தொடங்கிய காலத்தில் இறந்தவர்களுக்காக வாதாடியவராக இருக்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட உயிருள்ளவர்களே அவருடைய கட்சிக்காரர்கள். 1941-இல் பிறந்து, கீல் சர்வகலாசாலையில் சரித்திரமும் தத்துவமும் பயின்று, 1967-இல் பாரிஸ்டராக அனுமதி பெற்ற அவர் அடுத்த கால் நூற்றாண்டில் ஏற்ற வழக்குகள் அநேகம். 1984 ஜூன் 18-ஆம் தேதி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின்போது, ஷெபீல்டு நகருக்கு அருகே ஓர்கிரீவ் என்னுமிடத்தில் கூடி நின்ற தொழிலாளர்கள்மீது குதிரைப் போலீஸார் பாய்ந்தார்கள். அடிபட்டவர்கள் உட்பட 95 பேர்மேல் கலகம் முதலான குற்றங்கள் சுமத்தப்பட்டன. எதிரிகளுக்காக ஆஜரான வக்கீல்களுள் மான்ஸ்பீல்டும் ஒருவர். வெவ்வேறு இடங்களில் நின்ற போலீஸ்காரர்கள் தனித்தனியே எழுதியதாகக் கொடுத்த வாக்குமூலங்களில் ஒரே வாக்கியங்கள் எழுத்துப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தது குறுக்கு விசாரணையில் அம்பலமாகி, 1985-இல் அந்த வழக்கு நொறுங்கிற்று. 1991-இல் 39 தொழிலாளர்களுக்கு 4,25,000 பவுன் நஷ்ட ஈடு கொடுத்துக் கணக்கை முடித்த அந்தப் போலீஸ் நிர்வாகம், வாக்குமூலங்களை அப்படி எழுதவைத்தவர்கள் எவரையும் கூண்டில் ஏற்றவில்லை. அந்த நிர்வாகத்தின் பெயர் தெற்கு யார்க்ஷயர் போலீஸ். வாசகர்கள் இந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பர்மிங்ஹாம் அறுவர் வழக்கு இதனினும் பிரசித்தம். 1974 நவம்பரில் அந்நகரின் இரண்டு மதுச்சாலைகளில் வெடித்த குண்டுகளால் 21 பேர் மாண்டார்கள். மறு ஆண்டு ஆறு ஐரிஷ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலங்களும், கைகளில் வெடிமருந்து ஒட்டியிருந்ததாகச் சொன்ன ஒரு ரசாயனப் பரிசோதனையும் அவர்களுக்கு எதிரான பிரதான சாட்சியங்கள். சீட்டுக்கட்டைத் தொட்ட கையுங்கூட அப்பரிசோதனையில் அதே முடிவைத் தரக்கூடும் என்பது பின்னால் வெளிவந்தது. கேரத் பியர்ஸ் என்ற சொலிசிட்டர் அம்மையாரும் மான்ஸ்பீல்டும் மற்றவர்களும் சேர்ந்து எடுத்த பெருமுயற்சியின் பயனாக, 1991 மார்ச் 14-ஆம் தேதி அந்த அறுவரும் பதினாறு ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் விடுதலை பெற்றார்கள். அடுத்த ஆண்டே, மான்ஸ்பீல்டு மேல்முறையீட்டில் வாதாடிய ஜூடித் வார்டு வழக்கில், செய்யாத குற்றத்துக்காகப் பதினெட்டு ஆண்டு சிறையிலிருந்த அந்தப் பெண் விடுதலையானதுடன், அரசுத் தரப்பு தனக்குப் பாதகமான தஸ்தாவேஜுகளையும் எதிர்த்தரப்புக்குக் காட்டியே தீர வேண்டும் என்ற விதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் அழுத்தமாக வகுத்துரைத்தது.

இந்த வழக்குகளைப் படிப்பவர்கள் சிறையிலிருந்து வெளிவந்த நிரபராதிகளைப் பற்றியே நினைப்பது இயல்பு. ஆனால் அந்த 21 பேரின் குடும்பங்களையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றமற்றவன் ஒருவன் சிறையில் இருக்கும் காலமெல்லாம், இறந்தவனுடைய தாய்க்கும் பொய்யான விடையே தரப்பட்டிருக்கிறது. அவள் யாரை வெறுக்கும்படி பதினாறு ஆண்டுக் காலம் போதிக்கப்பட்டாளோ, அவர்கள் அந்த வெறுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று ஒரு நாள் பத்திரிகையில் படித்து அறிந்துகொள்கிறாள். ஆகவே, எதிரிகளின் வக்கீலாக இருந்த மான்ஸ்பீல்டு பிற்காலத்தில் இழந்தவர்களின் வக்கீலானதை ஒரு திசைமாற்றம் என்று நான் கருதவில்லை. இரண்டிலும் அவர் தேடியது மறைத்து வைக்கப்பட்ட காகிதங்களைத்தான்.

அந்த இரண்டாம் பகுதியைப் பிரபலமாக்கியது ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கு. 1993 ஏப்ரல் 22-ஆம் தேதி இரவு, தென்கிழக்கு லண்டனில் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவனை வெள்ளை இளைஞர் கும்பலொன்று குத்திக் கொன்றது. சந்தேகத்துக்கு உரியவர்களின் பெயர்கள் ஓரிரு நாட்களுக்குள் போலீஸாருக்குக் கிடைத்தும் காரியம் நடக்கவில்லை. பெற்றோர் டோரீன், நெவில் லாரன்ஸ் தம்பதியருக்காக இம்ரான் கான் என்ற இளம் சொலிசிட்டரும் மான்ஸ்பீல்டும் 1996-இல் தனிநபர் வழக்கு நடத்தினார்கள். கண்ணால் கண்டவரின் அடையாள சாட்சியத்தை நீதிபதி ஏற்க மறுத்ததால் அது தோற்றது. தோல்வியின் விலை பெரிது: விடுதலையான மூவரையும் அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை. அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அரசு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டபோது, மகனை இழந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு எத்தனை காலம் இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. மறு ஆண்டு நடந்த மரண விசாரணையில் சந்தேகத்துக்குரிய ஐவரும் வாய் திறக்க மறுத்தும், ஜூரிகள் இது முற்றிலும் தூண்டுதலற்ற, இனவெறியால் விளைந்த சட்டவிரோதக் கொலை என்று தீர்மானித்தார்கள். அதிலிருந்து மாக்பெர்சன் விசாரணை பிறந்தது. 1999 பிப்ரவரியில் வெளியான அதன் அறிக்கை, லண்டன் போலீஸ் ஸ்தாபனத்தின் உள்ளமைப்பிலேயே இனவெறி ஊறியிருக்கிறது என்று பகிரங்கமாகக் கூறி, 70 சிபாரிசுகளை முன்வைத்தது. ஒருமுறை விடுதலையானவரை மறுமுறை விசாரிக்கலாகாது என்ற பழைய விதி, கொடிய குற்றங்களைப் பொறுத்தவரை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்த்தப்பட்டது. 1996-இல் தப்பிய மூவரில் ஒருவரும் மற்றொருவரும் 2012 ஜனவரியில் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

இங்கே மரண விசாரணையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கொரோனர் என்ற அதிகாரி நடத்தும் இவ்விசாரணை, இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்ற நான்கு கேள்விகளுக்கு மட்டுமே விடை தேடும். குறிப்பிட்ட ஒருவரைக் குற்றவாளி என்று பெயர் சொல்லித் தீர்மானிக்க அதற்கு அதிகாரம் இல்லை. வாதி பிரதிவாதி என்ற பிரிவே இல்லாத இடத்தில் குடும்பத்துக்கு எதற்கு வக்கீல் என்று இங்கிலாந்தின் அரசாங்கங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கின்றன. 2019-இல் கூட, மரண விசாரணைகளில் குடும்பங்களுக்குத் தானாகவே சட்ட உதவி கிடைக்கச் செய்யும் யோசனையை அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் நிராகரித்தது. வாதப் பிரதிவாதம் இல்லை என்பது வாஸ்தவமானால், போலீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சிறைச்சாலைக்கும் அங்கே வக்கீல்கள் எதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்த நாற்காலிகள் காலியாக இருந்தால் அமைச்சகத்தின் வாதத்தை நானும் ஏற்பேன்.

இந்தப் பிரச்சினையின் முழு உருவத்தையும் ஹில்ஸ்பரோவில் காணலாம். 1989 ஏப்ரல் 15-ஆம் தேதி, ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் பாரஸ்ட்டுக்கும் நடந்த கால்பந்துக் கோப்பையின் அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்த ரசிகர்கள், கம்பி வேலியிட்ட இரண்டு நிற்குமிடங்களுக்குள் நசுங்கினார்கள். வெளியே சேர்ந்துவிட்ட கூட்டத்தைக் குறைப்பதற்காகப் போலீஸ் உத்தரவின்பேரில் பெரிய கதவொன்று திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்கள் எதிரே தெரிந்த சுரங்கப்பாதை வழியே, முன்பே நிரம்பி வழிந்த அந்த இடங்களுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பாதையை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. பத்து வயதுச் சிறுவன் முதலாக 96 பேர் மாண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து 2021-இல் இறந்த ஒருவரையும் சேர்த்து இன்று 97 என்று கணக்கு. பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்பீல்டு, ரசிகர்களே கதவை உடைத்துக்கொண்டு வந்ததாக அன்று பிற்பகலே சொன்னார். உடல்கள் மைதானத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் கிடத்தப்பட்டன. புகைப்படங்களைப் பார்த்துப் பிள்ளையை அடையாளம் காட்டிய கையோடு, அவன் என்ன குடித்திருந்தான் என்று பெற்றோர்களிடம் கேட்டார்கள். இறந்த சிறுவர்களின் இரத்தத்திலுங்கூட மது உண்டா என்று பரிசோதித்தார்கள். நான்காம் நாள் ஒரு பெரிய பத்திரிகை, ரசிகர்களின்மேல் இழிவான பொய்ப் பழிகளை முதல் பக்கத்தில் சுமத்திற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி டெய்லர் தம் இடைக்கால அறிக்கையில், போலீஸ் கட்டுப்பாடு தவறியதே பிரதான காரணம் என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகும், 1991 மார்ச்சில் முடிந்த மரண விசாரணை இது தற்செயலான விபத்து என்ற தீர்மானத்தையே தந்தது. அந்த விசாரணையில் போலீஸ் தரப்புக்கும் மற்ற ஸ்தாபனங்களுக்கும் தனித்தனியே வக்கீல்கள். குடும்பங்களோ பலர் சேர்ந்து கைப்பணத்தைத் திரட்டி ஒரே ஒரு பாரிஸ்டரை அமர்த்திக்கொண்டன. மாலை 3.15 மணிக்குள் எல்லாருக்கும் உயிர்போகும்படியான காயம் நேர்ந்துவிட்டது, ஆகவே அதற்குப் பிந்திய சாட்சியம் வேண்டியதில்லை என்று கொரோனர் ஒரு கோடு கிழித்தார். அந்த ஒரு கோட்டினால், பெரும்பாலான ஆம்புலன்ஸ்கள் ஏன் மைதானத்துக்குள் வரவில்லை, கீழே கிடந்தவர்களை யார் பார்த்தார்கள், யாரைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற கேள்விகள் எல்லாம் வெளியே தள்ளப்பட்டன. தம் பதினைந்து வயது மகன் அந்த நேரத்துக்கு வெகு நேரம் பின்னும் உயிரோடிருந்தான் என்று சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடித்த ஆன் வில்லியம்ஸ் என்ற தாய், அட்டர்னி ஜெனரலுக்கு மனுமேல் மனுவாக அனுப்பியும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றும், இருபது ஆண்டுகளுக்கு மேல் மறுப்பையே பதிலாகப் பெற்றார். அந்தத் தாய் ஒருத்தி செய்த ஆராய்ச்சிக்குச் சமமான ஒன்றை அரசாங்கத்தின் எந்த இலாகாவும் அந்நாள் வரை செய்திருக்கவில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பிறகு காகிதங்கள் வெளிவந்தன. பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் அமைந்த சுயேச்சைக் குழு, 4,50,000 பக்கங்களுக்கு மேற்பட்ட தஸ்தாவேஜுகளை ஆராய்ந்து, 2012 செப்டம்பர் 12-ஆம் தேதி தன் அறிக்கையை வெளியிட்டது. போலீஸ்காரர்களின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் 116-இல் போலீஸ் நிர்வாகத்துக்குப் பாதகமான வார்த்தைகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. இறந்தவர்களில் 41 பேர் பிழைத்திருக்கக்கூடும் என்று குழுவின் மருத்துவ ஆராய்ச்சி கண்டது. திருத்தியது எந்தப் போலீஸ் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர்கிரீவில் வாக்குமூலங்களைச் சொல்லி எழுதவைத்த நிர்வாகம், ஐந்தாண்டுக்குள் ஹில்ஸ்பரோவில் எழுதிய வாக்குமூலங்களை அடித்துத் திருத்தியது. முதற்குற்றத்தின்போது யாராவது ஒருவர் உண்மையாகவே கணக்குக் கேட்கப்பட்டிருந்தால், இரண்டாவதைச் செய்யக் கை நடுங்கியிருக்கும்.

2012 டிசம்பரில் பழைய தீர்மானங்கள் ரத்தாயின. ஆன் வில்லியம்ஸ் அதைக் கேட்டு மகிழ்ந்து, நான்கு மாதத்தில் புற்றுநோயால் மறைந்தார். புதிய மரண விசாரணை 2014 மார்ச் 31-ஆம் தேதி வாரிங்டன் நகருக்கு அருகே தொடங்கிற்று. இம்முறை குடும்பங்களின் வக்கீல்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. எழுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்காக மான்ஸ்பீல்டு ஆஜரானார். தொடக்கத்திலேயே, ஒவ்வொரு குடும்பத்தாரும் எழுந்து நின்று, இறந்தவர் யார், எப்படிச் சிரிப்பார், எந்த வேலைக்குப் போக ஆசைப்பட்டார், வீட்டில் எவ்வாறு அழைக்கப்பட்டார் என்று ஜூரிகள் முன்னால் வாசித்தார்கள். எண்ணிக்கையாக மாறிவிட்ட 96 பேரும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மனிதர்களாக நீதிமன்றத்தில் பிரவேசித்தார்கள். 2015-இல் டக்கன்பீல்டு சாட்சிக் கூண்டில் ஏறி, ரசிகர்கள் கதவை உடைத்தார்கள் என்று தாம் சொன்னது பொய் என்பதையும், சுரங்கப்பாதையை அடைக்கத் தவறியதே மரணங்களுக்கு நேரடிக் காரணம் என்பதையும் ஒப்புக்கொண்டார். 2016 ஏப்ரல் 26-ஆம் தேதி ஜூரிகள் தங்கள் முன் வைக்கப்பட்ட 14 கேள்விகளுக்கும் விடையளித்தார்கள்: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று எழுவர் இருவருக்கு எதிராகத் தீர்மானித்தார்கள், ரசிகர்களின் நடத்தை எவ்விதத்திலும் காரணமாகவில்லை என்றும் கூறினார்கள். இரண்டாண்டுக்கு மேல் நடந்த அவ்விசாரணையைவிட நீண்ட ஜூரி விசாரணை பிரிட்டனின் சரித்திரத்தில் இல்லை.

மைதானமும் இறந்தவர்களும் முதல் விசாரணைக்கும் இரண்டாம் விசாரணைக்கும் ஒன்றே. முக்கியமாக மாறியவை இரண்டு: காகிதங்கள் மேசைமேல் வந்தன, அவற்றைப் படித்துக் கேள்வி கேட்கக் குடும்பங்களுக்குச் சரிசமமான வக்கீல்கள் இருந்தார்கள். வாதப் பிரதிவாதம் இல்லாத இடத்தில் வக்கீல் எதற்கு என்பவர்களுக்கு 1991-ஐயும் 2016-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

தண்டனை என்று பார்த்தால் ஹில்ஸ்பரோவின் கணக்கு மனத்தைப் பிசைவது. டக்கன்பீல்டு 2019-இல் விடுதலையானார். வாக்குமூலங்களைத் திருத்தியதற்காகக் குற்றம் சாட்டப்பட்ட மூவர்மேல் நடந்த வழக்கு, அவை நீதிமன்றத்துக்கு அல்லாமல் ஓர் இலாகா விசாரணைக்குத் தரப்பட்டவை என்ற காரணத்தால் 2021-இல் கைவிடப்பட்டது. மைதானத்துக்குரிய கால்பந்துக் கழகத்தின் முன்னாள் செயலாளர் ஒருவருக்குப் பாதுகாப்பு விதிமீறலுக்காக 6,500 பவுன் அபராதம், அவ்வளவே. இழந்தவர்களின் வக்கீல் வெற்றி பெற்றாலும் இவ்வளவுதான் என்று தெரிந்தே இந்தத் தொழிலில் இறங்குகிறார். சில இடங்களில் இதுவும் கிட்டுவதில்லை. 2005 ஜூலையில் லண்டன் சுரங்க ரயிலுக்குள் பயங்கரவாதி என்று தவறாகக் கருதிப் போலீஸார் சுட்டுக் கொன்ற பிரேசில் நாட்டு இளைஞர் ழான் சார்லஸ் த மெனெசஸின் குடும்பத்துக்காக மான்ஸ்பீல்டு வாதாடியபோது, சட்டவிரோதக் கொலை என்று தீர்மானிக்கும் வாய்ப்பையே கொரோனர் ஜூரிகளிடமிருந்து எடுத்துவிட்டார். இயற்றிக் கொடுத்த வினாக்களுக்குள் நின்றே, சுடுமுன் எச்சரித்ததாகச் சொன்ன போலீஸ்காரரை நம்பவில்லை என்று ஜூரிகள் பதிவு செய்தார்கள். இளவரசி டயானாவோடு மாண்ட மகனுக்காக முகம்மது அல் பயத் போராடியபோது அவருக்காகவும் மான்ஸ்பீல்டு ஆஜரானார். சதி என்ற அந்தத் தந்தையின் நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவ்வழக்கை எடுத்ததற்காக மான்ஸ்பீல்டைக் குறை கூறியவர்கள் உண்டு, நான் கூறமாட்டேன். கோடீஸ்வரரான ஒரு தந்தைக்குத் தம் சந்தேகங்களை எல்லாம் நீதிமன்றத்தில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் வசதி இருந்தது. லிவர்பூலின் தாய்மார்களுக்கும் அந்த வசதி இருந்திருக்க வேண்டும் என்பதே நியாயம்.

செலவைப் பற்றிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். 1972 ஜனவரி 30-ஆம் தேதி வட அயர்லாந்தின் டெரி நகரில் ராணுவம் சுட்டு 13 பேரைக் கொன்ற சம்பவத்தை விசாரித்த சாவில் பிரபுவின் விசாரணைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் சுமார் 19.5 கோடி பவுனும் பிடித்தன. அதில் வக்கீல்களுக்குச் சென்ற பங்கு சிறிதன்று. சில குடும்பங்களுக்காக ஆஜரான மான்ஸ்பீல்டுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அதே சம்பவத்தைப் பற்றி, அது நடந்து மூன்று மாதம் ஆகுமுன்பே, சிக்கனமாக ஓர் அறிக்கை வந்துவிட்டதை மறக்கலாகாது. பிரதம நீதிபதி விட்ஜரி எழுதிய அவ்வறிக்கை சிப்பாய்களைப் பெரிதும் விடுவித்து, இறந்தவர்களின்மேல் சந்தேகத்தைப் பூசிற்று. மாண்டவர்கள் நிரபராதிகள் என்று 2010 ஜூன் 15-ஆம் தேதி பிரதமர் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் குடும்பங்கள் அந்தக் களங்கத்தைச் சுமந்தன. முதல் விசாரணையில் மிச்சப்படுத்திய பணத்தையும் நேரத்தையும், இடையில் சிந்திய இரத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பவர்கள், சாவிலின் செலவை விட்ஜரியின் பற்றில்தான் எழுத வேண்டும்.

இத்தகைய தொழிலை நடத்த 1984-இல் மான்ஸ்பீல்டு நிறுவிய டூக்ஸ் என்ற வக்கீல் நிலையம், அரசாங்கம் சட்ட உதவி நிதியை வெட்டியதைக் காரணமாகச் சொல்லி, 2013-இல் மூடப்பட்டது. மூடியது ஹில்ஸ்பரோவின் புதிய விசாரணை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னால். அந்த விசாரணை நடந்துகொண்டிருக்கையில், 2015-இல், மான்ஸ்பீல்டு தம் மகளைத் தற்கொலையால் இழந்தார். அந்தத் துயரத்தை ஒளிக்காமல், தற்கொலையைப் பற்றி ஜனங்கள் மனம்விட்டுப் பேச உதவும் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். அதற்கு முன்னும் அவர் நல்ல வக்கீல்தான். ஆயினும், தினந்தோறும் பிள்ளைகளை இழந்தவர்களின் நடுவே உட்கார்ந்து அவர்களுடைய கேள்விகளைக் கேட்டுவந்த ஒருவர், அதே விசாரணையின் நடுவில் தாமும் அவர்களுள் ஒருவராக ஆனதை எண்ணும்போது, அந்த மனிதர்மேல் எனக்குள்ள மரியாதை பன்மடங்காகிறது.

2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்பெல் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டபோதும், பாதிக்கப்பட்டோர் சிலருக்காக அவர் ஆஜரானார். ஹில்ஸ்பரோ குடும்பங்கள் நெடுநாள் கேட்டுவந்த சட்டம், அதாவது அரசு அதிகாரிகள் விசாரணைகளில் உண்மையை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும், அரசுத் தரப்புக்கு வக்கீல் இருக்கும் மரண விசாரணையில் குடும்பத்துக்கும் பொதுப் பணத்தில் வக்கீல் வேண்டும் என்னும் சட்டம், 2025 செப்டம்பரில் மசோதாவாகப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு வந்தது.

நம் நாட்டின் நிலைமை என்ன? பிரேத விசாரணை பற்றிய நம் சட்டப் பிரிவுகள் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் உருவானவை. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்றும், இயலுமானால் இறந்தவரின் உறவினருக்குத் தகவல் கொடுத்து அவர்களை விசாரணையில் இருக்க அனுமதிக்க வேண்டும் என்றும் பழைய 176-ஆவது பிரிவு சொல்லிற்று. இன்று அதே விதி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவில் இருக்கிறது. இருக்கலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. அவர்களுக்காகச் சாட்சியை ஒருவர் கேள்வி கேட்கலாமா, காவல் நிலையத்துப் பதிவேடுகளைப் பார்க்கலாமா என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸாரால் தாக்கப்பட்டு, சிறைக்காவலில் இருக்கையில் அடுத்தடுத்து மாண்டபோது, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட்டுக்கே போலீஸார் ஒத்துழைக்கவில்லை. நிலையத்துக் கண்காணிப்புக் காமிராவின் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். மதுரைக் கிளை தானாக முன்வந்து தலையிட்டதால் அவ்வழக்குக்கு உயிர் வந்தது. ஆனால் உயர் நீதிமன்றத்தின் கண் படாத மரணங்களும் உண்டு. அங்கே உறவினர் விசாரணை அறையின் மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வருகிறார்கள்.

முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசுச் செலவில் அமர்த்த மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகின்றன. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெரும் விபத்துகளிலும் சாதிக் கொடுமைகளிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு என்கிறது. இவற்றைக் காவல் மரணத்துக்கும், அரசின் கவனக்குறைவால் நேரும் கூட்ட மரணங்களுக்கும் விரிவுபடுத்துவதில் சட்டச் சிக்கல் ஏதும் எனக்குத் தெரியவில்லை. குற்றவியல் நடைமுறை அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் இசைவோடு தமிழ்நாடு சட்டமன்றமே 196-ஆவது பிரிவுக்குத் திருத்தம் கொண்டு வரலாம். உறவினர் தேர்ந்துகொண்ட வக்கீல் சாட்சிகளை விசாரிக்கலாம், காவல் நிலையத் தஸ்தாவேஜுகளின் நகலும் காமிராப் பதிவும் விசாரணை தொடங்குமுன் அவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், அவருடைய ஊதியத்தை மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு கொடுக்க வேண்டும் என்று மூன்று வாக்கியங்கள் அதில் சேர வேண்டும். அடுத்த கூட்டத் தொடரில் இதற்கான மசோதாவைக் கொண்டு வருமாறு சட்டமன்றத்தின் எல்லாக் கட்சி உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.